இடது முன்சக்கரத்தில் கீச்சொலி: பிரேக் பேட் மாற்றுவதற்கு முன் எங்கே பார்க்க வேண்டும்?

வாசகர் கேள்வி, 2023 செப்டம்பர் 8

2016ஆம் ஆண்டு ஹேட்ச்பேக், 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மெதுவாகப் போகும்போது பிரேக்கை லேசாக மிதித்தால் இடது முன்சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வருகிறது. அழுத்தி மிதித்தால் நின்றுவிடுகிறது. ஒரு பட்டறையில் பேட் (டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) மாற்று என்கிறார்கள். இன்னொன்றில் டிஸ்க்கை (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) லேத்தில் கடைய வேண்டும் என்கிறார்கள். மூன்றாமவர் வெறும் தூசி என்று சொல்லித் தண்ணீர் அடித்து அனுப்பினார். இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் மறுபடியும் அதே சத்தம். பேட் மாற்றி எட்டு மாதம்தான் ஆகிறது. யார் சொல்வதைக் கேட்பது?

2023 செப்டம்பர் 10

மூவர் சொன்னதையும் ஓரமாக வையுங்கள். முதலில் சத்தத்தை விசாரிக்க வேண்டும். அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

பிரேக்கில் காலே வைக்காமல் உருளும்போது கீச்சொலி வந்து, மிதித்ததும் மறைகிறது அல்லது மாறுகிறது என்றால் பேட் தேய்ந்துபோயிருக்கலாம். பல பேடுகளில் ஓரத்தில் ஒரு சிறிய எஃகுத் தகடு இருக்கும். உராய்வுப் பொருள் ஏறத்தாழ 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குக் குறைந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். அப்படிக் கத்துவதற்காகவே வைத்த தகடு அது. மிதிக்கும்போது கறகறவென்று கல் அரைப்பதுபோல் வந்தால் உராய்வுப் பொருள் தீர்ந்து, பின்தகடே டிஸ்க்கைக் கடிக்கிறது. அந்த வண்டியைப் பட்டறைக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறை உரசினால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தடுப்புத் தகடு வளைந்திருக்கும், இல்லையென்றால் ஜல்லிக்கல் ஒன்று இடையில் சிக்கியிருக்கும்.

உங்களுடையது லேசாக மிதித்தால் மட்டும் வருகிறது, அழுத்தினால் நிற்கிறது. அப்படியென்றால் பேட் அதிர்கிறது. எனக்கும் போன மாதம் இதே சத்தம் வந்தது. நான் இருப்பது சேலம், மனைவியின் பெற்றோர் வீடு ஏற்காட்டில். மாதம் இரண்டு முறையாவது 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குகிறோம். ஆட்களோடு 1,000 கிலோவைத் தாண்டும் வண்டி ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வரும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 35 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு அது. ஒரு பகுதி காற்றிலும் டயரிலும் போகும், கியரைக் குறைத்தால் இன்னொரு பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பேடிலும் டிஸ்க்கிலும்தான் இறங்குகிறது. அப்படிச் சூடேறிய பேடின் முகம் இறுகி, கண்ணாடிபோல் பளபளக்கும். பளபளத்த பேட் கத்தும்.

பட்டறையில் உப்புத்தாளால் அந்தப் பளபளப்பைத் தேய்த்து எடுத்தார்கள். சத்தம் நின்றது. நீங்களும் அதைச் செய்து பாருங்கள். அதற்கு முன் சக்கரத்தின் ஸ்போக் இடைவெளியில் கைப்பேசி விளக்கை அடித்துப் பேடின் தடிமனைப் பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் கவலை வேண்டாம். என் வண்டியில் 7 மி.மீ. இருக்கிறது.

2023 செப்டம்பர் 10, இரவு

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். உப்புத்தாளால் தேய்க்கும்போது கிளம்பும் பொடியை முகர வேண்டாம். பழைய பேடுகளிலும், டிரம் பிரேக்கின் உராய்வுப் பட்டையான லைனிங்குகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அது இல்லாத பேடின் பொடியும் நுரையீரலுக்கு ஆகாது. காற்றுக் குழாயால் ஊதக் கூடாது, வாயாலும் ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடையுங்கள், முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள். பட்டறைகளில் 15, 16 வயதுப் பையன்கள் டிரம்மைக் கழற்றித் தரையில் தட்டிப் பொடியை உதறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

2023 செப்டம்பர் 17

முதல் குறிப்பின் கடைசிப் பத்தியை நம்பி யாராவது ஏதாவது செய்திருந்தால், தயவுசெய்து இதைப் படியுங்கள். ஸ்போக் இடைவெளியில் பார்த்தால் போதும் என்று எழுதியது தவறு.

போன வெள்ளிக்கிழமை சத்தம் திரும்பி வந்தது, வேறு மாதிரியாக. ஐந்து ரோட்டில் சிக்னலை நோக்கி உருண்டுகொண்டிருக்கும்போது, கால் பிரேக்கில் இல்லாத நேரத்தில் வந்தது. மிதித்தால் நின்றது. நானே மேலே எழுதிய அறிகுறி. ஆனால் என் பேடில்தான் 7 மி.மீ. இருக்கிறதே என்று ஒரு நாள் முழுவதும் குழம்பினேன். இன்று காலை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரின் கீழ்ப் போல்ட்டை எடுத்துவிட்டு மேலே தூக்கினேன்.

வெளிப்பேட் 7 மி.மீ. உள்பேட் 2 மி.மீ.

ஸ்போக் வழியாகத் தெரிவது வெளிப்பேட் மட்டும். உள்பேட் டிஸ்க்குக்குப் பின்னால், காலிப்பரின் மறைவில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகத்தான் தேயும் என்று நம்பி உங்களுக்கு அறிவுரை சொல்லிவிட்டேன். பட்டறையில் உப்புத்தாள் போட்டவர் இரண்டையும் கையில் எடுத்திருப்பார். ஒன்று மற்றதைவிட இவ்வளவு மெலிந்திருப்பதை அவர் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. அவர் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டுதான் இருந்தேன். எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர் நேற்று, “ஸ்போக் வழியாகப் பார்த்தேன், 6 மி.மீ. இருக்கிறது, நிம்மதி” என்று எழுதியிருக்கிறார். ஐயா, சக்கரத்தைக் கழற்றி உள்பேடைப் பாருங்கள். அதுவரை நிம்மதி வேண்டாம்.

2023 செப்டம்பர் 19

ஒன்று மட்டும் ஏன் தேய்ந்தது? பலர் கேட்டிருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலும் காலிப்பரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் பிஸ்டன் இருக்கிறது. மிதிக்கும்போது பிஸ்டன் உள்பேடை டிஸ்க்கின்மேல் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் உட்பக்கமாக நகர்ந்து, வெளிப்பேடை மறுபக்கத்திலிருந்து இழுத்து அழுத்தும். அப்படி நகர்வதற்கு இரண்டு ஸ்லைடு பின்கள் உண்டு. அவை தடையில்லாமல் வழுக்க வேண்டும். பின் இறுகிவிட்டால் வெளிப்பேடுக்குப் பாதி வேலைகூட வராது, முழுச் சுமையும் உள்பேடின்மேல் விழும். காலை எடுத்த பிறகும் உள்பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே போகும்.

என் வண்டியில் மேல் பின் விரலால் இழுத்ததும் வந்தது. கீழ்ப் பின்னைக் குறடால் பிடித்துத் திருகி எடுக்க வேண்டியிருந்தது. அதன் நுனியில் ஒரு சிறிய ரப்பர் உறை இருக்கிறது. அது ஊறிய கொண்டைக்கடலைபோல் உப்பியிருந்தது. பின்னைச் சுற்றி மஞ்சள் நிறக் கிரீஸ். இரண்டு வருடத்துக்கு முன் பேட் மாற்றியபோது, சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸையே இதற்கும் பூசியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் பூசியிருப்பார்கள். ஆனால் பிரேக் ரப்பர்கள் பெட்ரோலிய எண்ணெயில் பட்டால் உப்பிவிடும். பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் அல்லது பிரேக்குக்கென்று விற்கும் செயற்கை கிரீஸ் மட்டுமே போட வேண்டும். ஒரு சின்னப் பொட்டலம் போதும், விலையும் அதிகமில்லை.

ஆக, என் வண்டியில் பளபளப்பு முதல் காரணமாக இருக்கவில்லை. மலை இறக்கத்தில் சூடு ஏறியது உண்மை. ஸ்லைடு பின் இறுகி, ஒரே பேட் எல்லாச் சூட்டையும் வாங்கியதால்தான் அது பளபளத்தது என்று இப்போது நினைக்கிறேன். வலது சக்கரமும் அதே ஏற்காட்டிலிருந்துதான் இறங்குகிறது. அதன் பேடுகள் 7, 7. முகத்தில் பளபளப்பு இல்லை.

2023 செப்டம்பர் 23

“இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தம் போய்விடும், கிணற்று ராட்டினத்துக்கு விடுவதில்லையா” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அந்தக் குறிப்பை நீக்குங்கள். ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டால் கீச்சொலி போகும். மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்டாலும் போகும். ராட்டினம் சுற்ற வேண்டிய பொருள், பிரேக் நிறுத்த வேண்டிய பொருள். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் உராய்வு போய்விடும். பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு கழுவினாலும் முழுதாகப் போகாது. இடது பக்கம் வழுக்கி வலது பக்கம் பிடித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். இரண்டு வழிச் சாலையில் வலப்பக்கம் என்றால் எதிரே வரும் பஸ்.

சத்தம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் எண்ணெய் நினைவே வராது. வயலின் வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். வில் தந்தியைப் பிடித்து இழுக்கும், தந்தி நழுவித் திரும்பும், மறுபடி பிடிபடும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடப்பதால் இசை வருகிறது. பேடும் டிஸ்க்கும் இதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்கின்றன, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. பிரேக்கின் கீச்சொலி பெரும்பாலும் இந்த எல்லையிலும் இதற்குச் சற்று மேலும் வருவதால்தான் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

அதிர்வை அடக்கத்தான் பேடின் முதுகில் ஷிம் என்ற மெல்லிய தகடு ஒட்டியிருக்கிறது. பேட் ஆடாமல் இருக்க அதன் காதுகள் உட்காரும் இடத்தில் எஃகு கிளிப்புகள் இருக்கின்றன. கிரீஸ் போடலாம் என்றால் அந்தக் காதுகளிலும் முதுகில் பிஸ்டன் தொடும் இடத்திலும், அதிக வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மட்டும், விரல் நகத்தில் எடுக்கும் அளவு. பேடின் முகத்திலும் டிஸ்க்கிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது.

2023 செப்டம்பர் 25

வேலை முடிந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரம்.

முன் இரண்டு சக்கரங்களுக்கும் புதுப் பேடுகள். ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, பிடிமானம் சமமாக இருக்காது. இரண்டு ஸ்லைடு பின்களும் ரப்பர் உறைகளும் புதியவை. டிஸ்க்கை வெர்னியரால் அளந்தேன், 16.2 மி.மீ. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், என்னுடையதில் 15. லேத்தில் கொடுத்துக் கடைந்தால் எல்லைக்கு அருகில் போய்விடும். பெரிய வரிகள் எதுவும் இல்லாததால் அப்படியே விட்டேன். டிஸ்க்கை அளக்காமலேயே “லேத்தில் கொடுங்கள்” என்று சொல்லும் யாரிடமும் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

காலிப்பரைக் கழற்றியதும் ரப்பர் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைத்தேன். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது பிரேக் ஆயில் மேலேறித் தொட்டியிலிருந்து வழியும், பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். துணியைச் சுற்றி வைத்து, பார்த்துக்கொண்டே மெதுவாகத் தள்ளினேன்.

எல்லாம் பூட்டிய பிறகு வண்டியைக் கிளப்புவதற்கு முன் பிரேக்கைப் பல முறை மிதியுங்கள். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரைவரை இறங்கும், பிரேக் பிடிக்காது. எங்கள் தெருவில் ஒருவர் இதை மறந்து வண்டியை வீட்டு வாசலிலிருந்து பின்னோக்கி எடுத்து எதிர்வீட்டுச் சுவரில் மோதினார். அங்கே யாரும் நிற்காதது அதிர்ஷ்டம்.

அப்புறம் புதுப் பேடைப் பழக்க வேண்டும். ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, மிதமாக மிதித்துக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை. நடுவில் சற்று ஓட்டி ஆறவிட வேண்டும். பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே சீராகப் படிவதற்காக இது. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறவழிச் சாலையில் செய்தேன். சத்தம் இல்லை.

2023 அக்டோபர் 1

கேள்வி கேட்டவர் சக்கரத்தைக் கழற்றிப் படம் போட்டிருக்கிறார். மகிழ்ச்சி. உள்பேட் 6, வெளிப்பேட் 6. பின்கள் வழுக்குகின்றன. என் வண்டியின் நோய் உங்கள் வண்டிக்கு இல்லை. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேடின் காதுகள் உட்காரும் இடத்தில் எஃகு கிளிப்புகளைக் காணவில்லை, ஷிம்மும் ஒரு பக்கம் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் பேட் மாற்றியவர்கள் பழையவற்றை எறிந்துவிட்டுப் புதியவற்றைப் போடாமல் பூட்டியிருக்க வேண்டும். பேட் தன் இருக்கையில் ஆடுகிறது. லேசாக மிதிக்கும்போது ஆடுகிறது, அழுத்தி மிதித்தால் இறுகி நிற்கிறது. உங்கள் முதல் குறிப்பில் சொன்ன அறிகுறி இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. நான்தான் பளபளப்பு என்று வேறு பக்கம் இழுத்துவிட்டேன். உங்கள் மாடலுக்கான கிளிப் செட்டை உதிரிபாகக் கடையில் கேளுங்கள்.

2023 அக்டோபர் 24

இன்று காலை பத்துப் பதினைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நேற்று ஆயுத பூஜை. வண்டியை நன்றாகக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி நிறுத்திவிட்டோம். இன்று காலை எடுத்தால் நான்கு பக்கமும் கரகரப்பு. பயப்பட வேண்டாம். டிஸ்க் வார்ப்பிரும்பு, ஈரம் பட்டால் ஓர் இரவில் செம்பழுப்பாகத் துரு படியும். நாலைந்து முறை பிரேக் பிடித்தால் உரிந்து போய்விடும். இனி, கழுவி முடித்ததும் தெருவைச் சுற்றி ஓர் ஓட்டு ஓட்டி, நாலு முறை பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காய வைத்துவிட்டு நிறுத்துங்கள். மழைக் காலத்திலும் இதேதான். இரண்டு கிலோமீட்டர் போன பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் மட்டும் சக்கரத்தைக் கழற்றுங்கள்.

2023 நவம்பர் 5

சற்று விலகிப் போகிறேன், இந்தச் செய்தி மனத்தை விட்டு அகல மாட்டேன் என்கிறது. டிஸ்க் பிரேக்குக்கு ஃபிரெடரிக் லான்செஸ்டர் பர்மிங்காமில் 1902இல் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்தியது செப்பு. உலோகத்தோடு உலோகம் உரசி, சகிக்க முடியாத கிறீச்சொலி. பிறகு ஹெர்பர்ட் ஃபுரூட் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங்கைப் பொருத்தி அதை அடக்கினார். அந்த லைனிங் பல பத்தாண்டுகள் உலகெங்கும் ஓடியது. அதன் பொடியைச் சுவாசித்தவர்கள் பட்டறைக்காரர்கள். முதல் நாள் இரவு பொடியைப் பற்றி நான் எழுதியதற்கும் இதற்கும் இருக்கும் தொடர்பை நேற்றுதான் உணர்ந்தேன். காருக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு வாய்த்த அமைதிக்கு, காருக்குக் கீழே படுத்திருந்தவர் மூச்சைக் கொடுத்திருக்கிறார்.

2023 நவம்பர் 19

பின்சக்கர டிரம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: டிரம்முக்குள் சேரும் பொடி, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ பின்தகட்டில் உட்காரும் மேடுகள் காய்ந்துபோவது, ஸ்பிரிங் தளர்வது, இந்த மூன்றையும் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கிவிட்டுத்தான் டிரம்மைக் கழற்ற வேண்டும், முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு. பொடிக்கு ஈரத் துணி. ஷூவைத் தள்ளும் சக்கர சிலிண்டரில் கசிவு தெரிந்தால் சத்தத்தை மறந்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

பிரேக் ஆயிலை மாற்றினால் கீச்சொலி போகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போகாது, ஆனாலும் மாற்றுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 140 வரைகூட இறங்கலாம். மலை இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகிவிடும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் பாதியில் அப்படி ஆனால் என்ன செய்வீர்கள்? இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

2023 நவம்பர் 20

கேள்வி கேட்டவர் கிளிப்பும் ஷிம்மும் போட்டுவிட்டாராம். பேட் மாற்றவில்லை, லேத்துக்குப் போகவில்லை. ஒரு மாதமாகச் சத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறார். மூன்று பட்டறைகளும் கண்ணுக்கு எதிரே இருந்த காலி இடத்தைப் பார்க்கவில்லை.

2024 ஜனவரி 18

பொங்கலுக்கு ஏற்காடு போய் வந்தோம். இறங்கும்போது இரண்டாம் கியர். பிரேக்கை வளைவுக்கு முன் மட்டும் அழுத்திப் பிடித்து விட்டேன், வழி நெடுக லேசாக மிதித்துக்கொண்டே வரவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், வழி விட்டேன். அடிவாரத்தில் நிறுத்திச் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இடமும் வலமும் ஒரே சூடு. முன்பெல்லாம் இடது பக்கம் கையை நீட்டவே முடியாது, மலை இறங்கினால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை சக்கரத்தைக் கழற்றி அளந்தேன். புதுப் பேட் போட்டு 4,300 கி.மீ. இடது சக்கரம்: வெளிப்பேட் 9.1, உள்பேட் 9.